பேஸ் பெடலும் பக்கத்துப் பல்லும்

கொழுந்தன் வேலை மாற்றலாகி வெளியூர் போனதில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கிட்டார் குறைந்தது. ஆள் குறைந்ததை எப்படியோ சமாளித்துவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டால் வேலை முடிந்தது. கிட்டார் போனதைத்தான் சமாளிக்க முடியவில்லை, ஏனென்றால் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அந்தக் குடும்பம் ஓர் இசைக்குழு.

நாலு பேர் குழு, இப்போது மூன்று. டிரம்ஸ் அடிப்பவர் மூத்த அண்ணன், லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாடுகிறவள் கடைசித் தங்கை, அட்டைப்பெட்டிக் கிடங்கில் மேற்பார்வையாளர். பயிற்சியும் அந்தக் கிடங்கில்தான். கூரை வரைக்கும் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் எவ்வளவு சத்தத்தையும் விழுங்கிவிடும் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பேஸ் கிட்டார், மூத்தவரின் மனைவி. பல் செய்யும் லேபில் வேலை. கல்யாணமான புதிதில் பேஸ் வாசிக்க ஆளில்லை என்று இவள் தலையில் கட்டினார்கள். நாலு கம்பிதானே என்று இவளும் வாங்கிக்கொண்டாள். எட்டு வருஷமாகிறது. புகுந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் கிடைத்தது சமையலறையில் அல்ல, அந்தக் கிடங்கில், டிரம்ஸுக்கு வலது பக்கம் என்று அவளே சொல்வாள். குழுவில் கணவரைத் தவிர மற்றவர்களுக்கு அவள் அண்ணி. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அடுத்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, புதிய நூலகத்தின் திறப்பு விழா. ஆறு பாட்டு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை, கிட்டார் இல்லாத முதல் பயிற்சி முடிந்ததும் நாத்தனார் மைக்கைக் கீழே வைத்தாள்.

"நடுவுல பெரிய பள்ளமா இருக்கு அண்ணி. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கீபோர்டு வாசிப்பார். கூப்பிட்டா ஓடி வருவார்."

"கூப்பிடேன். எனக்கும் ஒரு கம்பெனி ஆச்சு."

நாத்தனார் பெட்டி ஒன்றின் ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டினாள். "அவரு இடது கையிலேயே பேஸும் வாசிச்சிடுவாராம். அப்படித்தான் அவருக்குப் பழக்கமாம். நீங்க வேணா ஏதாவது கிலுகிலுப்பை மாதிரி..."

கிலுகிலுப்பை! அண்ணிக்குக் காது மடல் வரை சூடேறியது. கணவரைப் பார்த்தாள். அந்த மகானுபாவர் தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எந்தப் புத்திசாலியும் செய்வதைச் செய்தார். குனிந்து டிரம்மின் திருகை முறுக்கினார்.

"அடுத்த வியாழன் வரைக்கும் டயம் கொடு. அந்தப் பள்ளத்தை நானே அடைக்கிறேன்" என்றாள் அண்ணி.

"நாலு கம்பியை வெச்சா?"

"நாலு கம்பியை வெச்சுத்தான்."

சொல்லிவிட்டாளே தவிர எப்படி என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து போனைக் குடைந்ததில் வழி ஒன்று தெரிந்தது. டிஸ்டார்ஷன் பெடல் என்று ஒன்று, காலால் மிதிக்கும் சின்ன இரும்புப் பெட்டி. பேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதை மாட்டினால் மழமழ சத்தம் கரகரவென்று உடைந்து அகலமாகிவிடும். பேஸே பாதி கிட்டார் வேலையைப் பார்த்துவிடும்.

சனிக்கிழமை தனியாகக் கடைக்குப் போனாள். இசைக்கருவிக் கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம். சிரித்தவுடன் அண்ணி கண்டுபிடித்துவிட்டாள்: மேல் வரிசையில் முன்பல் ஒன்று கட்டியது. மற்ற பற்கள் பழுப்பேறி அடக்கமாக இருக்க, அது மட்டும் டியூப்லைட் போட்டுக்கொண்டு நின்றது. எந்த லேபில் செய்தார்களோ என்று மனசுக்குள் திட்டினாள். தொழில்காரிக்கு வாயைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கத் தெரியாது.

கடைக்காரர் ஐந்து பெடல்களை வரிசையாக வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுப் போனார். முதலாவது சாது, இரண்டாவது அதைவிடச் சாது. மூன்றாவதை மிதித்தபோது அண்ணிக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அப்படி ஒரு கம்பீரம்! அடியில் கனம், மேலே பளபளப்பு. நடு ஒலிக்கான திருகு ஒன்று இருந்தது. அதைக் குறைக்கக் குறைக்கச் சத்தம் இன்னும் அழகாகிக்கொண்டே போனது. அடியோடு குறைத்துவிட்டாள். நாலாவது மிதித்தவுடன் பழைய மிக்சி போலக் கத்தியது. முகத்தைச் சுளித்துத் தள்ளி வைத்தாள். ஐந்தாவதைத் தொடவே இல்லை. மூன்றாவதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

மூன்று நாள் தலைகால் புரியவில்லை. வேலையிலிருந்து வந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கணவர் எதிரில் நின்று வாயசைப்பார், இவள் தலையாட்டுவாள். அவர் கேட்டது "சாவி எங்க?" என்பதாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கிடங்கில் மூக்குடைபட்டாள்.

பாட்டு தொடங்கியது. கணவர் அடித்தார், நாத்தனார் பாடினாள், அண்ணி பெடலை மிதித்தாள். மிதித்த மறுநொடி பேஸ் காணாமல் போனது. அடியிலிருந்த கனத்தைப் பெரிய டிரம் தின்றுவிட்டது. மேலிருந்த பளபளப்பு டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளின் சத்தத்தோடு கலந்து கரைந்தது. மிச்சம் இருந்தது ஏதோ ஓர் இரைச்சல். சத்தத்தைக் கூட்டினாள். இரைச்சல் கூடியது, பேஸ் வரவில்லை.

கடைசிச் சரணத்துக்கு முன்னால் நாத்தனார் எப்போதும் இடது பக்கம் திரும்புவாள். அங்கேதான் சின்னண்ணன் கிட்டாரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். அவன் தலையசைத்தால் இவள் எடுப்பாள். அன்றும் பழக்க தோஷத்தில் திரும்பினாள். ஸ்டூல் மேல் ஒட்டுத்தாள் சுருள்தான் இருந்தது. எடுக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

"என்ன அண்ணி, ஒரே ஈ மொய்க்கிற சத்தமா கேக்குது?" என்றாள். ஸ்டூல் பக்கம் திரும்பவில்லை. "வியாழக்கிழமை அவரை வரச் சொல்லிடவா?"

"வியாழன்னு சொன்னா வியாழன்தான். இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

திரும்பும் வழியில் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஸ்பீக்கர்ல ஏதாவது கோளாறு இருக்குமோ?"

"கோளாறு என் காதுலதான். பேசாம ஓட்டுங்க."

புதன்கிழமை காலையில் லேபுக்குப் போனால், போன வாரம் செய்து அனுப்பிய முன்பல் ஒன்று டப்பாவோடு திரும்பி வந்திருந்தது. கூடவே டாக்டரின் போன்.

"பல்லு ரொம்ப அழகா இருக்கும்மா, குறை சொல்ல முடியாது. ஆனா வாய்ல வெச்சா அது மட்டும் தனியாத் துருத்திட்டுத் தெரியுது. பேஷண்ட் சிரிக்கவே மாட்டேங்கறார்."

அண்ணி டாக்டர் அனுப்பியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். நிறத்தின் எண் மட்டும் எழுதியிருந்தது, போட்டோ இல்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அடக்கி வைத்திருந்த எரிச்சலெல்லாம் டாக்டர் தலையில் இறங்கியது.

"பக்கத்துப் பல்லைக் காட்டாம நிறம் மட்டும் சொன்னா நான் என்ன டாக்டர் பண்றது? தனியாப் பாத்தா எல்லாப் பல்லும் அழகாத்தான் இருக்கும். பக்கத்துல இருக்கறதோட சேருதான்னுதானே பாக்கணும்! ஒரு பல்லை மட்டும் பாத்து யாராவது..."

அங்கேயே நின்றுவிட்டாள். டாக்டர் "ஹலோ, ஹலோ" என்றார்.

பன்னிரண்டு வருஷமாகப் பல் செய்கிறாள். எத்தனை டாக்டர்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்திருப்பாள். அந்த மகராசிதான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, டிரம்ஸும் இல்லாமல் பாட்டும் இல்லாமல், தன் சத்தத்தைத் தானே கேட்டு மயங்கிப் பெடல் வாங்கியிருக்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிடச் சிரிப்பு அதிகமாக வந்தது.

"போட்டோ அனுப்புங்க டாக்டர், நாளைக்கே செஞ்சு தரேன்" என்று போனை வைத்துவிட்டு, கணவருக்கும் நாத்தனாருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள்: சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்கு வரவும், இரண்டு பேருமே வேண்டும்.

கடைக்காரர் மூன்று பேரையும் பார்த்து, அண்ணியின் கையிலிருந்த பெடலையும் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த பலகையை விரலால் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

"திருப்பிக் கொடுக்க வரலைங்க, மாத்திக்க வந்திருக்கேன். இந்த தடவை இவங்க வாசிக்கறப்ப நான் கேட்டுப் பாக்கணும்."

"கடைக்குள்ள டிரம்ஸ் அடிக்கக் கூடாதும்மா. மாடியில கண் ஆஸ்பத்திரி. டாக்டர் கையில ஊசி வெச்சிருப்பார்."

கணவர் அதற்கெல்லாம் அசரவில்லை. மூலையில் கிடந்த காலிப் பெட்டிகளில் ஒன்றைத் தட்டிப் பார்த்தார், இன்னொன்றைத் தட்டிப் பார்த்தார். பெரியதைக் காலுக்கடியில் போட்டு, சின்னதை மடியில் வைத்து, சாவிக்கொத்தை மேலே போட்டுக்கொண்டார். குதிகாலால் இடித்தால் பெரிய டிரம், விரலால் தட்டினால் சாவி குலுங்கித் தட்டுச் சத்தம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் அந்த மனுஷன் இப்படித்தான் பொழுதைப் போக்குவார்.

கடைக்காரர் சத்தம் குறைத்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் பேஸை மாட்டிக் கொடுத்ததும், "பாடும்மா" என்றாள் அண்ணி.

"இங்கயா?" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். ஆனாலும் பாடினாள், வாய்க்குள்ளேயே.

மூன்றாவது பெடல் மறுபடி காணாமல் போனது. கடைக்காரரே "அட" என்றார். முதலாவதும் இரண்டாவதும் ஐந்தாவதும் வந்த சுவடு தெரியவில்லை. மிச்சம் நாலாவது, அந்தப் பழைய மிக்சி. மனசில்லாமல் மிதித்தாள்.

கரகர சத்தம் டிரம்ஸுக்கு மேலே, பாட்டுக்குக் கீழே, சரியாக அந்த நடு இடத்தில் போய் உட்கார்ந்தது. தனியாகக் கேட்டபோது முகம் சுளிக்க வைத்த அதே சத்தம். அந்தப் பெடலில் கலப்புக்கென்று ஒரு திருகு உண்டு. உடைந்த சத்தத்தோடு பேஸின் சுத்தமான சத்தத்தையும் வேண்டிய அளவு சேர்த்து விடலாம். பாதிக்குத் திருப்பினாள். தொலைந்த அடிக்கனம் திரும்பி வந்தது.

நாத்தனார் வாய்க்குள் பாடுவதை விட்டுவிட்டு வாய்விட்டுப் பாட ஆரம்பித்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வரணும்னா ப்ரீஆம்ப் ஒண்ணு வேணும்" என்றார் கடைக்காரர். அவருக்கும் உற்சாகம் தொற்றிவிட்டது. ஸ்பீக்கருக்குப் போகும் முன் சத்தத்தைச் சீர் செய்யும் பெட்டி அது. உள்ளே போய்ப் பழையது ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். நடு ஒலிக்கான திருகின் தலை உடைந்து, வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அந்தக் கம்பியைப் பிடித்துத் திருப்பினாள். இந்த முறை குறைக்கவில்லை, கூட்டினாள்.

கணவர் தட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் தலை மட்டும் நிமிர்ந்தது. எட்டு வருஷத்தில் அந்தப் பார்வை எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டும் வேணும். அந்த மூணாவதை நீங்க எடுத்துக்கணும்."

கடைக்காரர் பலகையைப் பார்த்தார். அண்ணி அவர் வாயைப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. அந்த முன்பல்லு எங்க கட்டினது?"

கடைக்காரரின் கை தானாக வாயை மறைத்தது. "அவ்வளவு தெரியுதா?"

"வாசல்லயிருந்தே தெரியுது. உங்க டாக்டரை எங்க லேபுக்குச் சீட்டு எழுதச் சொல்லுங்க. நாள் முழுக்க உக்காந்து பக்கத்துப் பல்லைப் பாத்து நானே செஞ்சு தரேன்."

பலகை அப்படியே சுவரில் தொங்கியது. யாரும் அதை அப்புறம் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில், ஈறு செய்யும் ரோஸ் பசையில் கொஞ்சம் எடுத்து ஒரு திருகுத் தலை வார்த்து, மெருகேற்றி, ப்ரீஆம்பின் மொட்டைக் கம்பியில் பொருத்தினாள். அந்தக் கறுப்புப் பெட்டியில் அது பொக்கைவாய்ச் சிரிப்பு மாதிரி இருந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

சாயங்காலம் கிடங்கில் கீபோர்டுக்காரர் வந்திருக்கவில்லை. ஸ்டூலை மட்டும் யாரோ எடுத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

நாலு பாட்டு ஒழுங்காக ஓடியது. ஐந்தாவது, சின்னண்ணன் தலையசைக்கும் பாட்டு. கடைசிச் சரணம் நெருங்கியது. அந்த இடத்தில் கிட்டார் தனியாகப் பேசும். இப்போது அங்கே அவள் மட்டும்தான். இரண்டு பெட்டியையும் மிதித்தாள். கரகரவென்று கிளம்பிய பேஸ் பள்ளத்தை அடைத்துக்கொண்டு எழுந்தது. கொழுந்தனின் சத்தம் இல்லை அது. அதைப்போல இருக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

நாத்தனார் திரும்பினாள். பழக்கத்தில் கழுத்து இடது பக்கம் பாதி போனது. போன கழுத்தை நிறுத்தி, உடம்போடு திரும்பி, டிரம்ஸுக்கு வலது பக்கம் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணி தலையசைத்தாள். நாத்தனார் சரணத்தை எடுத்தாள்.