மீசை வைத்த டிரைவர்

கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு குணா தன் வீடியோவை அழித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா தணிகாசலம் இருந்தார். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று போன் கேட்டது. பெற்ற அப்பன் செத்துக் கிடக்கும்போது பிள்ளை செய்கிற வேலையா இது என்று கேட்டது போலத்தான் அவனுக்கு இருந்தது. ஆமாம் என்று அழுத்தினான். லட்சம் பேருக்கு மேல் பார்த்துச் சிரித்த வீடியோ, கண் மூடித் திறப்பதற்குள் இல்லாமல் போனது.

எல்லாம் அப்பாவின் பழைய முதலாளி ஹனீப் பாயால் வந்த வினை. பழவேற்காட்டிலிருந்து காலையிலேயே ஆரம்பாக்கம் வந்து சேர்ந்தவர், மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த வீடியோவின் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தார். தணிகாசலம் வரைந்த படத்தை அவர் மகன் யூடியூபில் காட்டினான், உலகமே பார்த்தது, என்னைப் பார்க்கும்போதெல்லாம் போனை எடுத்து நீட்டிவிடுவார் என்று. மைக் செட்டில் போட்டால் எல்லாரும் கேட்கலாமே என்று யாரோ ஒரு புண்ணியவான் எடுத்துக் கொடுக்க, பாய்க்கு அது பிடித்துப்போய்விட்டது.

"தம்பி, அத்த எடுத்துக் குடுப்பா. உங்கப்பன் போன்ல படம் மட்டும்தான் வரும், ஸ்பீக்கர் அவுட்டு. நீ இன்னா பேசியிருக்கன்னு நானும் கேட்டதில்ல" என்றார்.

எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் குணா கொல்லைக்கு வந்திருந்தான். பேசியது என்ன என்று அவனுக்கல்லவா தெரியும்.

பல வருஷங்களுக்கு முன்பு ஹனீப் பாய் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஷெட் பிடித்து, டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் செட்டுகளைப் பாகம் பாகமாகப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தார். கேசட்டுகள் மொட்டையாக வந்து இறங்கும். அட்டைப் பெட்டியும் அதன் மேல் படமும் இங்கேதான் தயாராக வேண்டும். லாரிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த தணிகாசலத்தை அதற்குப் பிடித்தார். தணிகாசலம் எந்த விளையாட்டையும் கண்ணால் பார்த்தவரில்லை. டீக்கடையில் பாய் வாயால் சொல்வார், இவர் அதைக் கேட்டு வரைவார். நீர்மூழ்கிக் கப்பல் என்றால் அதற்கு இரண்டு பக்கமும் துடுப்பு இருக்கும். ராக்கெட் என்றால் பின்னால் ஒரு நம்பர் பிளேட் இருக்கும், அதிலும் தமிழ்நாட்டு நம்பர். விற்றதென்னவோ நன்றாகத்தான் விற்றது.

கார் ரேஸ் என்று பாய் சொன்னபோது மட்டும் அவருக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை. சின்ன வயதில் சோழவரத்தில் நடந்த ரேஸை நேரிலேயே பார்த்தவர். ஏரியைப் போட்டார், கரையில் எருமைகளைப் போட்டார், நடுவில் சிவப்புக் காரைப் போட்டார். ஹெல்மெட் வைத்தால் முகம் தெரியாதென்று டிரைவருக்கு அதை வைக்கவில்லை. முகம், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த குணாவின் முகம். சின்னப் பையனுக்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள் என்று மேலே ஒரு மீசையையும் வைத்துவிட்டார்.

பிறகு ஷெட்டை மூடினார்கள். தணிகாசலம் இரும்பு உருக்கும் மில்லுக்குப் போனார். அந்த இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. குணா படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, பழைய விளையாட்டுகளைப் பற்றி வீடியோ போட ஆரம்பித்தான். உலகத்திலேயே கேவலமான அட்டைப் படங்கள் என்று ஒரு வீடியோ. ஜப்பான்காரன், அமெரிக்காக்காரன் என்று வரிசையாகக் கிழித்துத் தொங்கவிட்டு, கடைசியில் முதல் பரிசுக்கு அந்தச் சிவப்புக் கார் பெட்டியைத் தூக்கிக் காட்டினான். இன்னும் நாலு பேர் பார்க்கட்டும் என்கிற நப்பாசைதான். விழுந்து விழுந்து சிரித்தான். "இத வரைஞ்ச மகான் யாருன்னு தெரியல. தெரிஞ்சா மொதல்ல கைய ஒடைக்கணும்" என்றான். தெரியாதென்று சொன்னது அவன் வாய்தான்.

மறுநாள் அப்பா போன் செய்து, "பாத்தேன்டா" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார். தான் பேசியதையும் கேட்டுவிட்டார் என்றே குணா நினைத்தான். கூசிப்போய், ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். பண்டிகைக்கு வந்தாலும் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவான். மனசு உறுத்தி, அவர் காதுக்கு ஒரு மெஷின் வாங்கித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னான். அம்மா ஜானகியம்மாள் வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அவனும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டான்.

இப்போது பந்தலுக்கு வந்து, நெட் கிடைக்கவில்லை என்று பாயிடம் பொய் சொன்னான். பாய்க்கு முகம் வாடிப்போனது. குளிப்பாட்ட எடுக்கலாமா என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது அம்மா உள்ளே கூப்பிட்டாள்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள், அப்பாவின் போனை மடியிலிருந்து எடுத்தாள். ராத்திரி சோற்றில் கை வைக்கும் முன் அந்த வீடியோவை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. நேற்றுத் தட்டுக்கு முன் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"நேத்து பாக்காமயே பூட்டாருடா. எடுக்கறதுக்குள்ள ஒருவாட்டி காட்டிடலாம்" என்றாள்.

சொல்லிக்கொண்டே போனின் பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்திச் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். தினமும் செய்து பழகிய விரல்.

"ஸ்பீக்கர் அவுட்டுன்னு பாய் சொன்னாரேம்மா."

"அதெல்லாம் நல்லாதான் கீது. நீ பேசுனத நான் ஒரு தபா கேட்டேன். அவரு கேக்கல." அவள் குரலில் கோபம் இல்லை. அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

குணாவுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் வெட்கமாக இருந்தது. காது மெஷினை அவள் ஏன் மறுத்தாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அம்மா வழக்கமாகத் தொடும் இடத்தைத் தொட்டாள். திரை சாம்பல் நிறமாக நின்றது. கீழே இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இன்னொரு முறை தொட்டாள்.

"வர மாட்டேங்குது. நீ இன்னான்னு பாரு" என்று போனை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் வாங்கிக்கொண்டு பெட்டியின் மறுபக்கம் போனான். அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "டவர் வந்துட்ச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, அந்தச் சாம்பல் திரையைப் பெட்டியின் கண்ணாடி மூடிக்கு மேல் அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தி ஒதுங்கி நின்றார்கள்.

அம்மா அந்தப் பக்கமிருந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சிரிக்கிற எடம் வந்துட்ச்சா?" என்று கேட்டாள். "அதான் அவருக்குப் புடிக்கும்."

"வந்துட்ச்சும்மா" என்றான்.

சற்று நேரத்தில் திரை தானாகவே அணைந்தது. அவன் கையை எடுக்கவில்லை.