மூன்றாம் மாடிக்கு வந்த கிடா

அச்சகத்தின் மூன்றாம் மாடிக்கு அந்தக் கிடா படியேறி வரவில்லை. பைபிளில் பலிமுறைகளைச் சொல்லும் லேவியராகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து இறங்கி வந்தது. அந்த அதிகாரம் கேட்பதைப் போலவே பழுதற்ற ஆண். அன்று காலை வேத மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் வசனத்தில் ‘பலி’ என்று எழுதிப் பேனாவை மூடியிருந்தார். கிடா மேசைமேல் நின்று, அந்தச் சொல்லை மட்டும் தாளிலிருந்து கடித்து மென்று விழுங்கியது. மறுநாள் எழுதிய ‘படையல்’ என்பதையும் தின்றது, ‘காணிக்கை’யையும் விடவில்லை. மின்தூக்கி இல்லாத கட்டடமாதலால், அதை யார் கீழே இறக்குவது என்பதே ஊழியர்களின் முதற்கவலையாக இருந்தது.

மெய்ப்புத் திருத்துபவர் மொழிபெயர்ப்பாளரின் தங்கை என்பதை இங்கே சொல்லிவிடுவது முறையாகும். அவ்வச்சகத்தில் மூலப்படியை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர்வது வழக்கம். அக்கா வாசிப்பார், அறையின் மறுகோடியில் தங்கை தொடர்வார். தாயார் இறந்தபோது அக்கா சொல்லி அனுப்பவில்லை. அடக்கம் முடிந்த பிறகே தங்கை அறிந்தார். அதன்பின் வசனங்களும் கமாவும் முற்றுப்புள்ளியும் தவிர இருவரிடையே வேறு பேச்சில்லை. ஆதியாகமமும் யாத்திராகமமும் அப்படியே அச்சேறின.

மேலாளர் பொறுமையானவர்தாம், ஆயினும் ஒரு சொல்லுக்காக இயந்திரம் காத்திருந்தது.

“மேடம், அந்த அதிகாரத்துக்குன்னே வந்த ஆடு இது. அதுல சொல்லியிருக்கிறபடியே முடிச்சிடலாமே. விட்டா மோசேயையும் சேர்த்துத் தின்னுடும்” என்றார்.

மொழிபெயர்ப்பாளர் மறுக்கவில்லை. கத்திக்கு ஆள் போயிற்று. கிடா மறுகோடிக்கு நடந்து, தங்கையின் மேசையில் தாடையை வைத்துக்கொண்டது. தங்கை அச்சுப்படியிலிருந்து விரலை எடுத்தார்.

“நில்லுக்கா. நீ பலின்னு எழுதின அந்த எபிரேயச் சொல்லுல வெட்டு எங்க இருக்கு? கிட்ட வர்றதுன்னுதானே அதோட வேரு? மொழிபெயர்ப்புக் குழுவுல நீதானே அதைப் பத்தி அரை நாள் பேசின?”

“பேசினேன். எழுதினா தின்னுடுதே.”

“எழுதினா போதுமா? இத்தனை வருசமா அங்கேருந்தே கத்தி வாசிக்கிற. தொண்டையாவது வலிக்கலையா உனக்கு?”

அக்கா பேனாவைத் திறந்தார், மூடினார். “அம்மா கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டாங்கடி. பக்கத்துல இருந்தது நானு. எனக்குப் பொறுக்கல. அதான் சொல்லி அனுப்பல.”

தங்கை நெடுநேரம் கிடாவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

“உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வா. முதல்ல வேலையைப் பார்ப்போம்.”

அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடந்தார். தோளோடு தோள் இடிக்க அமர்ந்து, ‘காணிக்கை’ என்றே மீண்டும் எழுதினார். கிடா முகர்ந்து பார்த்தது, தின்னவில்லை.

அடுத்த வசனத்தில் வருவது தகனபலி. எபிரேய மூலத்தில் அதற்கு ‘மேலே ஏறுவது’ என்று பொருள். அதை அக்கா தணிந்த குரலில் வாசித்தபோது கிடாவின் குளம்புகள் தரையை விட்டு எழும்பின, அது மிதந்து போய்க் கூரையடியில் நின்றுகொண்டது. கத்தியோடு வந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தாள்கட்டுகளின் கயிற்றை அறுத்துக் கொடுத்துப் போனார்.

இப்போது அடுத்த புத்தகமான எண்ணாகமம் நடக்கிறது. மின்விசிறியை மெதுவாகத்தான் சுழலவிடுகிறார்கள். அக்கா ஒரு கமாவை விட்டுவிட்டால் மேலிருந்து ஒரு செருமல் கேட்கும். தங்கை அண்ணாந்து பாராமலே அதைத் திருத்திக்கொள்கிறார்.