வேன்மீரில் மேசைகள் நகர்ந்த விதம்

வெளிநாட்டிலிருந்து படித்த ஆளைப் புதிதாக வரவழைக்க அமெரிக்க அரசு லட்சம் டாலர் விசாக் கட்டணம் வைத்த பதினோராம் நாள், அயோவா மாநிலம் வேன்மீரில் இருந்த வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் மூன்று காலி மேசைகள் கிழக்கே நான்கு விரற்கடை நகர்ந்திருந்தன. யாரும் தள்ளவில்லை. மறுநாளும் நான்கு விரற்கடை நகர்ந்தன. ஹைதராபாத்திலிருந்து வரவேண்டிய மூன்று பேருக்காகப் போட்டு வைத்த மேசைகள் அவை. கட்டணச் செய்தி வந்த வாரம் சர்ச்சின் அடித்தளத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து ஊர் விருந்து வைத்தது. இனி அந்த நாற்காலிகள் நம் பிள்ளைகளுக்குத்தான் என்ற சந்தோஷத்தில், ஊராரின் மருமகப் பிள்ளைகள் மூவரின் பெயரை மஞ்சள் காகிதத்தில் எழுதி மேசைகளில் ஒட்டியும் விட்டார்கள். பிள்ளைகளில் ஒருவன் ஏற்கெனவே டென்வரில் நல்ல வேலையில் இருந்தான். மற்ற இருவருக்கும் கணினி என்றால் விளையாடத்தான் தெரியும். இதையெல்லாம் விருந்தில் யாரும் கேட்கவில்லை.

லோர்னா டைக்ஸ்ட்ரா அந்த விருந்துக்கு உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்ட தட்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தாள். இழப்பீட்டு விதிகள் கணினியில் சரியாக ஓடுகின்றனவா என்று பார்ப்பது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. அவற்றைக் கணினிக்கு எழுத அந்த மூவரைப்போல ஆள் இருந்தால்தான் சரிபார்க்க அவளுக்கு வேலை இருக்கும். அவள் கணவன் ஹார்லனுக்கு இதயம் பாதிதான் ஓடியது. அவனுடைய மாத்திரையும் மருத்துவமனையும் அவள் உத்தியோகத்தோடு வரும் காப்பீட்டில் நடந்தன. அவனுக்கு அறுபத்தைந்து முடிந்தால் அரசாங்க மருத்துவ அட்டை வந்துவிடும். அதற்குப் பத்தொன்பது மாதம் இருந்தது. அதுவரை வேலை நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர லோர்னாவுக்கு அப்போது வேறு வேண்டுதல் இல்லை.

நிறுவனம் லட்சம் டாலரும் கட்டவில்லை, உள்ளூரில் ஆளும் எடுக்கவில்லை. ஹைதராபாத்திலேயே ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்தது. அன்று சாயங்காலம் மூன்று காலி மேசைகளும் கிழக்குச் சுவரைத் தண்ணீரைப்போலக் கடந்து வெளியேறின. சுவரில் கீறல்கூட இல்லை. அவற்றோடு தரைக்கடியில் ஒயரால் இணைந்திருந்த மற்ற மேசைகள் அதன்பிறகு நகர ஆரம்பித்தன. கட்டடப் பராமரிப்பு பார்க்கும் மெல் என்பவன் நாலு மேசைகளைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கினான். மறுநாள் போல்ட்டுகள் மட்டும் தரையில் இருந்தன, முறுக்கியது முறுக்கியபடி.

காப்பீட்டுக்காரர்கள் வேறென்ன செய்வார்கள்? போட்டோ எடுத்து, அளந்து, சொந்த நிறுவனத்திடமே இழப்பீடு கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். இரண்டு வாரத்தில் மறுப்பு வந்தது. திடீரென்று நேரும் சேதத்துக்குத்தான் இழப்பீடு, மெல்ல மெல்ல நேர்வதற்குக் கிடையாது என்றது கடிதம். சுவரில் ஈரம் கசிந்த எத்தனையோ வீட்டுக்காரர்களுக்கு அதே வரியை அனுப்பிய விதியைச் சரிபார்த்து ஒப்பமிட்டவள் லோர்னா. கடிதத்தைப் படித்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

வாராவாரம் வேலை பேச ஹைதராபாத்திலிருந்து வசுந்தரா கணினித் திரையில் வருவாள். வேன்மீருக்கு வரவேண்டிய மூவரில் ஒருத்தி. அயோவா குளிருக்கென்று வாங்கிய தடித்த கோட்டு அவள் நாற்காலியின் முதுகில் தொங்கியது.

"லோர்னா, இன்னைக்கு ஒரு மேசை வந்துச்சு. மேற்குச் சுவர் வழியா. டிராயர்ல புதினா மிட்டாய் இருந்துது, நான் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

"அது என் பக்கத்துல இருந்த ஜோயிஸோட மேசை. எடுத்துக்கோ. அவளுக்கு வேலை போய் மூணு வாரமாச்சு."

"நான் அங்க வந்திருந்தா இது நடந்திருக்காது, இல்ல?"

"நீ வரலைன்னு நாங்க விருந்து வெச்சோம்மா," என்றாள் லோர்னா. அதற்குமேல் இருவரும் வேலையைப் பற்றியே பேசினார்கள்.

காலி மேசை காற்றாய்ப் பறக்கும், ஆள் உட்கார்ந்த மேசை மெல்லத்தான் போகும் என்பதை லோர்னாதான் கண்டுபிடித்தாள். தன் மேசையில் இருப்பவர் ஊழியராகவே கருதப்படுவார் என்று நிர்வாகமும் எழுதியிருந்தது. அதனால் அவள் விடுப்பே எடுக்கவில்லை. மதிய உணவைக்கூட மேசையிலேயே முடித்துக்கொண்டாள். பதினான்காம் மாதம் அவள் மேசையும் சுவரைக் கடந்து, மூன்றாம் மாடி உயரத்தில் வாகன நிறுத்தத்துக்கு மேலே நின்றது. மறுநாள் காலை ஹார்லன் தானியக் களஞ்சியத்துக்கு வர்ணம் அடிக்கும் நீள ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். அவள் பனிக்கோட்டோடு ஏறி உட்கார்ந்து, விரல் நுனி வெட்டிய கையுறையோடு தட்டச்சு செய்தாள். மாலையில் மேசைக்காலில் கயிறு கட்டி விளக்குக் கம்பத்தில் முடிந்துவிட்டு இறங்கினாள். அவள் ஏறும்போதும் இறங்கும்போதும் பாதி இதயத்தோடு அவன் கீழே ஏணியைப் பிடித்தபடி நிற்பான்.

"விடு ஹார்லன், நானே ஏறிக்கிறேன். நீ மூச்சு வாங்குற."

"பேசாம ஏறு. மேசை நகந்தா வேலை போவும், நீ விழுந்தா சமையல் போவும். எனக்கு ரெண்டும் வேணும்."

"என் சமையலையா? கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல இன்னிக்குத்தான் கேக்குறேன்."

கம்பங்கள் தீர்ந்ததும் வேலிக்கம்பிகளில் கட்டினார்கள். ஜனவரியில் மேசை நெடுஞ்சாலையைக் கடந்து பீட்டர்சன் என்ற விவசாயியின் சோயா வயலுக்கு மேலே வந்தது. மற்றவர்களின் மேசைகள் தலைக்கு மேலே விர்ரென்று கடந்து போயின, ஒன்றில் இன்னும் குடும்பப் படம் நின்றுகொண்டிருந்தது. மார்ச் ஒன்பதாம் தேதி, காலையில் அவளை ஏற்றிவிட்டு ஏணியோடு வீட்டுக்குப் போன ஹார்லன், தபால் வந்ததும் ஏணியில்லாமல் திரும்பி வந்தான். பனிச்சேற்றில் நின்று, கையில் பிடித்த அரசாங்க மருத்துவ அட்டையை ஆட்டினான்.

"வந்துடுச்சு! இறங்கி வா கிழவி!"

ஏணியை எடுக்க அவன் திரும்பிப் போய் வரும்வரை அவள் கையிலிருந்த இழப்பீட்டுக் கோப்பைச் சரிபார்த்து முடித்தாள். அதை முடிக்காமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. ஜெயித்தவளுக்கு வரவேண்டிய சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தரையில் கால் வைத்ததும் வேலியில் கட்டியிருந்த கயிற்றை அவளே அவிழ்த்தாள். மேசை ஒரு கணம் தயங்கி, பிறகு கிழக்கே இலினாய் மாநிலத்துப் பக்கமாகப் போய் மறைந்தது.

அன்று மதியம் இருவரும் மெயின் தெருவில் டெபியின் உணவகத்துக்குப் போனார்கள். அலுவலகக் கூட்டம் நின்றுபோய் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. வானொலியில் சோளம் விலை, சோயா விலை, பிறகு கிழக்கே போகும் மேசைகள் இன்று நான்கு, விமானத்தில் பூச்சிமருந்து தெளிப்பவர்கள் கவனிக்கவும் என்று சொன்னார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹார்லன் உப்புக்குக் கை நீட்டியபோது உப்புப் புட்டி கிழக்கே இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. காப்பி ஊற்ற வந்த டெபி, பேச்சை நிறுத்தாமலே, அதைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய் அங்கிருந்ததையும் இழுத்து வைத்தாள்.