முக்கால் மூட்டைக் குளிர்

இடுப்புக்கு இரண்டு விரல் மேலே, இடது பக்கம், எனக்குள் ஓர் ஆணி இருக்கிறது. நிஜ ஆணி இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் காலையில் பூட்ஸ் மாட்டக் குனியும்போது யாரோ அதைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் நான் எழுந்திருப்பதில்லை. அவசரம் ஒன்றும் இல்லாதவன் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கம்பெனி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன வேலை?"

"கிடங்குல லோடு ஏத்தி இறக்குறேங்க."

"வீட்டுல?"

"அங்கயும் அதேதான்."

நாங்கள் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு சமையலறை. வீடு சொந்தம். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் கிடையாது. குளிர்காலம் ஐந்து மாதம். அறைக்கு நடுவே இரும்பு அடுப்பு, அதற்கு நிலக்கரி, நிலக்கரி தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும் கிடங்கறையில். அங்கிருந்து வீட்டுக்கு இருபத்தாறு படி. மூட்டையை முதுகில் போட்டு ஏறினால் பதினாறாவது படியில் அந்த ஆணி பேச ஆரம்பிக்கும்.

"இந்த முதுகுல இன்னும் கொஞ்சம் சுமைதான் மிச்சம் இருக்கு. அதைக் கிடங்குல செலவு பண்றதா வீட்டுல செலவு பண்றதான்னு நீங்களே யோசிங்க. வருஷக் கடைசில உடல் தகுதிப் பரிசோதனை. இப்படியே வந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டாக்டர்.

யோசிக்க ஒன்றும் இல்லை. கிடங்கில் சம்பளம் தருகிறார்கள்.

நான் தூக்குகிறேன் என்று என் மனைவி சொன்னாள். அவள் குளிர்பதனக் கிடங்கில் உறைந்த பட்டாணிப் பெட்டிகளை எட்டு மணி நேரம் அடுக்கிவிட்டு வருகிறவள். ஒரு வீட்டுக்கு ஓர் ஆணி போதும் என்றேன். இப்படித்தான் எங்கள் வீட்டில் கரண்டில் அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பேச்சு வந்தது. வைத்திருந்த பணத்தில் ஒரு தடவை ஒரு மெஷின் வாங்கலாம். தப்பாக வாங்கினால் மறுபடியும் இருபத்தாறு படிதான்.

செய்தியைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். உயரத்தில் நின்றே பழகியதால் எல்லோரிடமும் மேலிருந்துதான் பேசுவான்.

"மாமா, ஏழு கிலோவாட்! பாதி விலைக்குத் தள்ளுறான். சின்ன மெஷின் என்ன விலையோ அதே விலை. ஒரு ஆள் கூலிக்கு ரெண்டு ஆள் வந்தா வேணாம்னா சொல்வீங்க?"

சொல்ல மாட்டேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

"வெளியில இருக்குற காத்துலேர்ந்து சூட்டை எடுத்து உள்ள விடும்ங்கிற. வெளியில மைனஸ் பத்து. அங்க ஏதுடா சூடு?"

பதில் அவன் அக்காவிடமிருந்து வந்தது.

"எங்க பட்டாணி ரூம் மைனஸ் இருபது. அதோட மெஷினுக்குப் பின்பக்கம் சூடா காத்து வரும். அதுலதான் நாங்க கையுறை காய வைக்கிறோம். அந்தச் சூடு பட்டாணியிலேர்ந்துதான் வருது."

பட்டாணியிலேயே சூடு இருந்தால் தெருவில் இருப்பதற்கு என்ன தடை? நான் ஒப்புக்கொண்டேன்.

"இது இன்வெர்ட்டர் மெஷின்க்கா. தேவைக்குத் தகுந்தா மாதிரி தானா வேகத்தைக் கூட்டும், குறைக்கும்."

"எவ்வளவு குறைக்கும்?"

"எவ்வளவு கூட்டும்னுதான் எல்லாரும் கேப்பாங்க."

"நான் குறைக்கிறதைக் கேட்டேன்."

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததை அவன் ஒத்துக்கொண்ட வழக்கமில்லை என்பதால், டீயை வேகமாகக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போனதும் அவள் சொன்னாள். அவர்கள் கிடங்கில் இரண்டு மெஷின். ஒன்று நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே ஓடும், பதினாலு வருடமாகிறது. இன்னொன்று சின்ன அறைக்குப் பெரிதாக வைத்துவிட்டது. முழு மூச்சாக ஓடி, அறையைக் குளிராக்கி, படுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்திருக்கும். அதற்கு மூன்று தடவை சர்க்யூட் போர்டு மாற்றியாயிற்று.

"ஓடுறதுல அது சாகலை. எழுந்து எழுந்துதான் சாகுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை இரண்டு தெரு தள்ளிக் கூட்டிப்போனாள். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார் வீடு. எங்கள் வீட்டளவுதான் இருக்கும். சுவரில் அதே ஏழு கிலோவாட் தொங்கியது. அன்று குளிர் அதிகமில்லை, கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சட்டைப் பையில் பழைய பட்டன்கள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மெஷின் ஒரு தடவை எழுந்தால் இடது பையிலிருந்து வலது பைக்கு ஒரு பட்டன். நாங்கள் மதிலோரம் நின்றோம். புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமையில் ஊரான் வீட்டு மெஷினை வேடிக்கை பார்ப்பதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

ஆறாவது பட்டனில் வாத்தியார் கதவைத் திறந்தார். பனியன் போட்டிருந்தார்.

"யாருக்காக நிக்கிறீங்க?"

"உங்க மெஷினுக்காக சார்" என்றாள் என் மனைவி.

"அதுக்கு என்ன?"

"முக்கால் மணி நேரத்துல ஆறு தடவை நின்னு நின்னு ஓடிருச்சு."

"அது ஆட்டோமேட்டிக்மா. தானா நிக்கும், தானா ஓடும்."

"தானா ஏன் நிக்குது?"

நாற்பது வருடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கிய மனிதர். பதில் சொல்லும் பக்கத்தில் நின்று பழக்கமில்லை. உள்ளே வரச் சொன்னார்.

அறை அனலாக இருந்தது. நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. நாங்கள் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் மெஷின் நின்றது. பிறகு கால்களுக்கிடையே குளிர் ஒரு பூனை மாதிரி வந்து சுற்றியது. வாத்தியார் பேச்சை நிறுத்தாமலே ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது ஓடுறப்போ கழட்டுவேன். நின்னா போட்டுக்குவேன்."

"ஒரு மணி நேரத்துக்கு எட்டு தடவையா?"

"பழகிருச்சு."

"கரண்ட் பில் எப்படிங்க சார்?" என்று நான் கேட்டேன்.

"பில்லை நான் பாக்குறதில்லை. பையன் கட்டுறான். போன வருஷம் போர்டு போச்சு, அதையும் அவன்தான் மாத்தினான். இப்பல்லாம் போன் பண்றதைக் குறைச்சுட்டான்." மெஷினை அண்ணாந்து பார்த்தார். "கடையில இருந்ததுலயே பெருசு இதுதான்."

அதில் அவருக்கு இன்னும் பெருமை இருந்தது. நாங்கள் அதில் கை வைக்கவில்லை.

கடைக்கு மூன்று பேராகப் போனோம். மச்சானை வா என்று நாங்கள் கூப்பிடவில்லை. விற்பனைக்காரர் டை கட்டியிருந்தார். தள்ளுபடி மெஷினைக் கல்யாணப் பெண் மாதிரி நடுவில் நிறுத்தியிருந்தார்கள்.

"எத்தனை சதுர அடி? ஜன்னல் எத்தனை? சுவர் என்ன கனம்?"

சதுர அடி தெரியும். சுவர் பழைய செங்கல். ஜன்னலைச் சாத்தினாலும் திரை ஆடும்.

"அப்போ பெருசே எடுத்துக்குங்க. சேஃப்டி."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றான் மச்சான்.

என் மனைவி அசையவில்லை. "எங்க வீட்டுக் குளிர் எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியும். கடுங்குளிர்னா ஒரு நாளைக்கு முக்கால் மூட்டை."

"மூட்டைக் கணக்கெல்லாம் இங்க கிடையாதும்மா" என்று விற்பனைக்காரர் சிரித்தார். மச்சானும் சேர்ந்து சிரித்தான். அக்காவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கடையின் பின்பக்கம் ஒரு மெக்கானிக் தரையில் உட்கார்ந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மூட்டை எத்தனை கிலோ?"

"இருபத்தஞ்சுன்னு அச்சடிச்சிருக்கும். இருபத்திநாலுதான் இருக்கும்" என்றேன்.

"எடை போட்டீங்களா?"

"தினம் போடுறேன்" என்று முதுகைக் காட்டினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அட்டைப்பெட்டி மேல் எழுத ஆரம்பித்தார். முக்கால் மூட்டை பதினெட்டுக் கிலோ. அதில் பாதிச் சூடு புகைபோக்கி வழியாக ஊருக்குப் போய்விடும். மீதியை இருபத்திநாலு மணி நேரத்துக்குப் பிரித்தார்.

"ரெண்டரை கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல. சும்மா குளிர்ற நாள்ல எவ்வளவு எரிப்பீங்க?"

"கால் மூட்டை."

"அப்போ ஒண்ணுக்கும் கீழ." எழுந்து வந்து இரண்டு மெஷின்களின் புத்தகங்களையும் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. "இந்த ஏழு எவ்வளவு மெதுவா ஓடினாலும் ரெண்டே காலுக்குக் கீழ இறங்காது. இந்த மூணரை, புள்ளி எட்டு வரைக்கும் இறங்கும். மைனஸ் பத்துலயும் ரெண்டு புள்ளி எட்டு தரும். முக்கால் மூட்டைக் குளிர் வருஷத்துல எத்தனை நாள் வரும்?"

"பன்னெண்டு நாள். போன வருஷம் பதினாலு."

"பெருசு அந்தப் பதினாலு நாள் ஒழுங்கா ஓடும். மத்த நாளெல்லாம் எழுந்து எழுந்து படுக்கும்."

"மைனஸ் இருபது வந்தா? அப்போ என்ன பண்ணுவாரு எங்க மாமா?" மச்சான் விடுவதாக இல்லை.

"அன்னைக்கு ஒரு நாள் அடுப்பைப் பத்த வைப்பாரு. அதுக்கு முன்னாடி ஜன்னல் இடுக்கை அடைங்க. அதுக்கு மெஷின் தேவையில்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த ஏழு கிலோவாட்டைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, மனசு அதன் மேல்தான் இருந்தது. அகலமான மெஷின். தோள் மாதிரி இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. அதே விலைக்குச் சின்னதைத் தூக்கிக்கொண்டு போனால் ஏமாந்தவன் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவனெல்லாம் ஏழு ஏன் வாங்கவில்லை என்பான்.

எங்கள் கிடங்கில் ஒருவன் இருந்தான். புலி என்று கூப்பிடுவோம். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவான், எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு பீடி பிடிக்கப் போவான். திரும்பி வந்து மறுபடி இரண்டு மூட்டை. புலியை நாங்கள் பார்த்து மூன்று வருடமாகிறது.

"சின்னதைக் கட்டுங்க" என்றேன்.

விற்பனைக்காரர் டையைத் தளர்த்தினார். "அந்தப் பெருசை வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான் சார்."

"நான்தான் முதல். இவர் ரெண்டாவது" என்றாள் என் மனைவி.

மச்சான் வாசலில் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான்: "உங்க இஷ்டம்." எங்கள் குடும்பத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

ஐந்து நாள் கழித்து மெக்கானிக் வேனில் தனியாக வந்தார். நாங்கள் அதற்குள் ஜன்னல் இடுக்குகளில் பழைய கம்பளியைக் கிழித்துத் திணித்திருந்தோம். வெளியே தொங்கும் பெட்டி முப்பத்திநாலு கிலோ. சைக்கிள் கடைப் பலகைக்கு மேலே, எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரில் ஏற்ற வேண்டும். மேலே தூக்கித் தருவது வாங்குபவர் பொறுப்பு என்று ரசீதின் பின்பக்கம் இருந்தது. அதுவும் பொடி எழுத்து. பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது, ரசீதுக்கு வந்து சேரவில்லை.

நான் குனிந்தேன்.

"தொட்டுப் பாருங்க" என்றாள் என் மனைவி, மேலே ஜன்னலிலிருந்து. "அப்புறம் தெரியும்."

நான் நிமிர்ந்தேன். சைக்கிள் கடைக்காரர் தன் பஞ்சரில் ஆழ்ந்துபோனார். மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெருமுனையில் ஒரு கைவண்டி திரும்பியது. அதில் சாரக் கம்புகள். இழுத்துக்கொண்டு வந்தவன் மச்சான். வந்தான், யாரையும் பார்க்கவில்லை, அரைமணி நேரத்தில் சாரம் கட்டினான். பெட்டியைத் தோளில் வைத்து ஏறினான். தாங்கியில் உட்காரவைத்துவிட்டு, திருகு முடுக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏழா இருந்தா அறுபது கிலோவாம்" என்றார் மெக்கானிக்.

"அதையும் ஏத்தியிருப்பேன்" என்றான் மச்சான்.

சாயங்காலம் மெஷினைப் போட்டார்கள். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று கீழே போய்ப் பார்த்தேன். மேலே பெட்டியில் விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், நிற்கவில்லை. அறை பதினெட்டு டிகிரிக்கு வந்தது, பதினெட்டிலேயே நின்றது. மூன்று பேரும் போட்ட ஸ்வெட்டரைப் போட்டபடி இருந்தோம். மச்சான் கையைக் காற்று வருமிடத்தில் நீட்டிப் பார்த்தான். எடுத்துக்கொண்டான். கொஞ்சம் கழித்து மறுபடி நீட்டினான்.

"பரவால்ல" என்றான்.

என் மனைவி டீ போட எழுந்து போனதும் நான் கேட்டேன். "மச்சான், கூலி என்னப்பா ஆச்சு?"

"காசா? சொந்தத்துக்குள்ள காசு கேப்பேனா?" குரலைத் தாழ்த்தினான். "என் மாமனார் வீட்டுல ஒரு இரும்பு பீரோ கிடக்கு. மூணாவது மாடி. நான் தனியா இறக்கிருவேன், படி திரும்புற இடத்துலதான் கீழ்ப்பக்கம் இன்னொரு ஆள் வேணும்."

எங்கள் ஆட்களிடம் அதுதான் வழக்கம். சுமைக்குச் சுமை. பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள், இல்லை என்று சொன்னால் அடுத்த தடவை யாரும் வர மாட்டார்கள்.

"பரிசோதனைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான் மாமா. நான் என்ன ராட்சசனா?"

சரி என்றேன். டீ வந்தது, வேறு பேச்சுக்குப் போனோம்.

அந்தக் குளிர்காலத்தில் இருபத்தாறு படியையும் வெறுங்கையோடுதான் ஏறினேன். பரிசோதனை நடந்தது. டாக்டர் என்னைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். பீரோ இன்னும் அந்த மூன்றாவது மாடியில் இருக்கிறது. என் மனைவிக்கு விஷயம் தெரியாது. மச்சானுக்கு நான் ஒரு சுமை பாக்கி.