அழுது அழைத்த புயல்

என் மனைவி இருசம்மாளுக்குக் குரல் பெரிது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்து இருபது வருஷமாக ஏலம் கூவுகிறவன் நான். என் குரலே வீட்டுக்குள் எடுபடாது. ஆனால் அவள் குரலுக்கு அவள் பிறந்த ஊரில் தனி மரியாதை உண்டு. துறையூருக்கு வடக்கே, வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் அங்கே வைக்கோலில் ஒரு பொம்பளை உருவம் கட்டி, கொடும்பாவி என்று பெயர் வைத்து, தெருத்தெருவாக இழுத்துப்போய்ச் சுடுகாட்டில் கொளுத்துவார்கள். பாவி தொலைந்தாள், இனி மழை வரும் என்பது நம்பிக்கை. செத்தவளுக்கு மாரடித்து அழ ஆள் வேண்டுமே? முன்னால் நின்று ஒப்பாரியை எடுத்துக்கொடுப்பவள் இருசம்மாள்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசி பாதி போயும் அங்கே ஒரு சொட்டு விழவில்லை. அவள் தம்பி மருதை தென்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, கையோடு அக்காவை அழைத்துப் போனான். மூன்று நாள் அழுதுவிட்டு, தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தாள். வீடு அமைதியாக இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்தும் இருந்தது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஷரபுன்னிசா குடியிருந்தாள். அவள் புருஷன் சுல்தான் பாவாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போகும் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. கப்பல் கடலில் இருக்கிற நாட்களில், சாயங்காலம் ரேடியோவில் செய்தி வரும் நேரத்துக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் கூடத்து வாசற்படியில் வந்து நிற்பாள். வயிற்றில் ஆறு மாதம் அவளுக்கு. உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். டில்லியில் யார் என்ன பேசினால் அவளுக்கென்ன? கடைசியில் "வங்கக் கடலில்" என்று ஆரம்பிப்பார்களே, அதற்காகத்தான் வருவாள். "கடல் சாதாரணமாக இருக்கும்" என்று கேட்டுவிட்டால் போதும், சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

இருசம்மாள் ஊரிலிருந்து வந்த மறுநாள் ரேடியோ வேறு மாதிரி பேசியது. அந்தமானுக்குத் தென்மேற்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, மேலும் வலுவடையலாம் என்றார்கள்.

இருசம்மாள் தொடையில் தட்டினாள். "பாத்தீங்களா! நான் அழுத அழுகை வீண் போகல. கடல்லயே கேட்டிருக்கு!" என்றாள், கட்டிய தொண்டையோடு.

வாசற்படியிலிருந்து ஷரபுன்னிசா மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, அந்தமான்னா... அவுங்க கப்பல் போற வழிதானே?"

கப்பல் நாகையை விட்டுக் கிளம்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. என் மண்டியிலிருந்து போன வெங்காயமும் அதில்தான் இருந்தது. சத்தியமாக அப்போது வெங்காயம் என் நினைவுக்கு வரவில்லை. நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இருசம்மாளின் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போது சொன்னாள்: "நான் கூப்பிட்டதுங்க அது. எங்க ஊருக்கு வான்னுதான் கூப்பிட்டேன். வர்ற வழியில அந்தப் புள்ளயோட புருஷன் இருக்கான்னு நெனைக்கலையே."

"உன் ஒப்பாரிக்குப் புயல் வரும்னா சர்க்காரு எதுக்கடி ஆபீசு வச்சு ஆள் போட்டிருக்கான்? உன்னையே சம்பளத்துக்கு வச்சுக்க மாட்டானா?" என்று கிண்டல் செய்தேன். பதிலுக்கு ஒரு வசவு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. என்னைத் திட்டாத இருசம்மாளைப் பார்த்தால் எனக்குப் பயம் வந்துவிடும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைப் பக்கம் போனேன். செம்பில் பால் வைத்துக்கொண்டு, செத்தவர்களுக்குத் தெளிப்பது போல மண்ணில் தெளித்துக்கொண்டிருந்தாள். "கோவப்படாம போயிடு ஆத்தா. மழை வேணாம். அந்தப் பக்கமே திரும்பிப் போயிடு" என்று ஊரில் கொளுத்திவிட்டு வந்த வைக்கோல் பொம்பளையிடம் கெஞ்சினாள். தம்பியின் கடலைச் செடி கருகிக்கொண்டிருக்கும்போது மழை வேண்டாம் என்கிறாள்.

அன்று மாலை, அது புயலாக மாறிவிட்டது என்றார்கள். நாகப்பட்டினத்தில் இரண்டாம் எண் கூண்டு ஏற்றப்பட்டதாம். தூரத்தில் புயல் இருக்கிறது என்று கப்பல்களுக்குக் காட்டுகிற அடையாளம் அது. ஷரபுன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஏலத்தைக் குமாஸ்தாவிடம் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். விமான நிலையத்து வானிலை ஆபீசில் வேலை பார்க்கும் ரெங்கராஜ் உத்தர வீதியில் இருந்தார். வெங்காயம் சாப்பிடாத மனிதர். ஆகவே எங்களுக்குள் வியாபாரம் கிடையாது, சிநேகிதம் மட்டும்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தரையில் சாக்பீசால் வங்கக் கடலை வரைந்தார். "இதோ நாகப்பட்டினம். இதோ பினாங்கு. புயல் இங்க இருக்கு, வடக்க பாத்து நகர்றது. கப்பலுக்கும் ரேடியோவுல எச்சரிக்கை போயிருக்கும். கேப்டன் தெக்கால ஒதுங்கிச் சுத்திண்டு போகலாம்."

"அப்ப ஆளு பத்திரம்னு வீட்டுல சொல்லிடலாமா?"

சாக்பீசைக் கீழே வைத்தார். "அதை நான் சொல்லப்படாது. காத்து எங்க போறதுன்னு கொஞ்சம் சொல்லுவோம். மனுஷாளைப் பத்திச் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. பெருமாள் பாத்துப்பார்."

நேர்மையான மனிதரிடம் போய் ஆறுதல் கேட்டால் இப்படித்தான். வருகிற வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் கிணற்றடியில் பேச்சுக்குரல்.

"என்னைத் திட்டிடு புள்ள. அந்தப் புயலை அழுது வரவழைச்சது நான்தான்" என்றாள் இருசம்மாள்.

"இல்லக்கா. நான்தான்."

"நீயா?"

"அவுங்க கிளம்புறதுக்கு மொத நாளு நத்தர்ஷா தர்காவுல போயி அழுதேன். புள்ள பொறக்குற வரைக்கும் அவுங்க போகக் கூடாது, காத்தடிச்சாவது கப்பல் நிக்கணும்னு கேட்டேன். கப்பல் போயிடுச்சு. நான் கேட்ட காத்து பின்னாலயே போயிடுச்சு."

"நீ ஒரு நாளுதானே அழுத? நான் மூணு நாளு அழுதேன்."

"நீங்க வைக்கோலுக்கு அழுதீங்க. நான் மனசார அழுதேன்க்கா."

வங்காள விரிகுடா என்னமோ எங்கள் கொல்லைக் கிணறு மாதிரி, கலக்கிவிட்டது யார் என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். சட்டென்று யாரோ ஒருத்தி சிரித்தாள். மற்றவளும் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாற அதிக நேரம் ஆகவில்லை. நான் அங்கே போகாமல் செருப்போடு நின்றேன். அந்த இரண்டு பெண்களையும் அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்தது.

அன்று மாலை, புயல் வடக்கே வெகுதூரம் போய்விட்டது, நாகையில் கூண்டு இறக்கப்பட்டது, நம் பக்கம் வறண்ட வானிலை என்று ரேடியோ சொன்னது. கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மூன்று நாளும் இருசம்மாள் பின்கட்டிலேயே படுத்தாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். கால் அமுக்கிவிட்டாள். எனக்குச் சோறு போடவே பல சமயம் மறந்துவிட்டாள்.

நாலாம் நாள் மண்டிக்குத் தந்தி வந்தது. கப்பல் சேதி வந்தால் உடனே தெரிவிக்கும்படி நாகை ஏஜெண்டிடம் சொல்லி வைத்திருந்தேன். பினாங்கு சேர்ந்தது, எல்லோரும் நலம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னூர் வரைக்கும் ஓடினேன். என் உடம்புக்கு அது ஓட்டமா என்று மார்க்கெட்டில் இன்னும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஷரபுன்னிசா தந்திக் காகிதத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் மருதை வந்து நின்றான். கண் குழி விழுந்திருந்தது.

"கடலை காயுதுக்கா. இன்னும் பத்து நாளு போனா மாட்டுக்குக்கூட ஆவாது. மறுபடி ஒரு தடவ கொடும்பாவி இழுக்கணும்னு ஊர்ல பேசிட்டாங்க. நீ வந்தாத்தான்..."

"என்னால முடியாதுடா தம்பி. இனிமே நான் அழ மாட்டேன்" என்றாள் இருசம்மாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருதை என்னைப் பார்த்தான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் ஷரபுன்னிசா. எழுந்து இருசம்மாளிடம் வந்தாள். "அக்கா, கப்பல் பினாங்குல அஞ்சு நாளு நிக்கும். சரக்கு இறக்கி ஏத்தணுமில்ல? அது வரைக்கும் அவுங்க கரையிலதான் இருப்பாங்க. அதுக்குள்ள போயி அழுதுட்டு வந்துடுங்க."

இருசம்மாள் அவளையே பார்த்தாள். "அஞ்சு நாளா?"

"அஞ்சு நாளு. ஆறாவது நாளு வாயைத் தொறக்கக் கூடாது."

இருசம்மாள் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். பிறகு மாற்றுப்புடவை எடுக்க உள்ளே ஓடினாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, என்ன அங்க உருட்டிக்கிட்டு இருக்கே?" என்று கத்தினேன். கத்தாமல் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். என் அழுகைக்கு எந்தக் கடலில் என்ன கிளம்புமோ, யார் கண்டது?