வந்து சேராத மூன்றாம் பக்கம்

பொதுக் கொள்கை பற்றிய இணையவழிப் பாடத்தைத் திட்டமிடப் பேராசிரியைக்கு ஒன்றரை வருடம் ஆனது. பன்னிரண்டு வாரம், அறுபத்து மூன்று பக்கத் திட்டம். எந்த ஸ்லைடில் எத்தனை விநாடி நிற்பது என்பதுவரை அதில் இருந்தது. பாடம், வேலையில் இருக்கும் அரசு ஊழியர்களுக்கானது. வகுப்பு, வேலை நாட்களில் காலை பதினொரு மணிக்கு. பல்கலைக்கழகத் தரக்குழு மூன்று முறை கூடிப் பார்த்தும் இது யாருக்கும் உறுத்தவில்லை.

ஆகவே மாணவர்கள் அலுவலகத்தில் இருந்தபடியே படித்தார்கள். பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னலில் உட்காரும் எழுத்தர் ஒருத்தி, திரையில் தன் பெயரையே ‘ஜன்னல் மூணு’ என்று போட்டிருந்தாள். ஒரு காதில் பாடம், மறு காதில் பொதுமக்கள்.

ஆறாவது வாரத் தலைப்பு, நடைமுறைகளை எளிதாக்குதல். சான்றிதழில் எழுத்துப்பிழை திருத்தும் விதிகளை மாற்றி எழுதிய குழுவில் பேராசிரியையும் இருந்தார். ‘காத்திருக்கும் நேரம் சரிபாதி ஆனது’ என்ற ஸ்லைடை ஐந்து வருடமாகப் பெருமையோடு காட்டிவருகிறார். அன்றும் காட்டினார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் மூணின் மைக் திறந்துகொண்டது.

“நாலாவது தடவையா வர்றேன்மா,” என்றது ஒரு பெண்குரல். “ஒரு எழுத்துதான் தப்பு. பிள்ளைய ஸ்கூல்ல சேக்க மாட்டேங்கறாங்க.”

“உறுதிமொழிப் பத்திரம் இல்லாம நான் எப்படிங்க வாங்கறது?” என்ற எழுத்தர், திரையைப் பார்த்துப் பதறினாள். “சாரி மேடம், மைக் ஆன்ல இருக்கு.”

“இருக்கட்டும். நாலு தடவையா? நேரம்தான் பாதியாயிடுச்சே?”

“ஆயிடுச்சு மேடம். முன்னாடி ஒரு மணி நேரம் நிக்கணும், இப்ப அரை மணிதான். ஆனா முன்னாடி ஒரு தடவை வந்தா போதும்.”



“பத்திரமே வேண்டாம்மா,” என்றார் பேராசிரியை. “விதி பதினொன்னு பாருங்க. சின்னப் பிழைன்னா உங்க அதிகாரியே திருத்தலாம். நான்தான் எழுதினேன்.”

“எங்களுக்கு எட்டாவது விதியோட முடிஞ்சுது மேடம். ரெண்டு பக்கம்தான் வந்துச்சு.”

பேராசிரியை உடனே பழைய கோப்புகளைத் துழாவி மூன்றாம் பக்கத்தை எடுத்து அனுப்பினார். எழுத்தர் அதை அச்செடுத்து மாடியிலிருந்த அதிகாரியிடம் ஓடினாள். ஸ்லைடு அப்படியே நின்றது. “கையெழுத்துப் போட்டாரா?” என்று மாணவர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். இருபது நிமிடம் கழித்து, அந்தப் பெண் புதுச் சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படிப்பது எல்லோருக்கும் கேட்டது.

“சரியா இருக்கும்மா,” என்றாள்.

பன்னிரண்டு அடித்ததும் வகுப்பு தானாக மூடிக்கொண்டது.

இரண்டு நாளில் தரக்குழுவிடமிருந்து கடிதம் வந்தது. திட்டத்தில் இல்லாத கற்றல் நடந்ததற்கு விளக்கம் தர வேண்டுமாம். பேராசிரியை அதை ஓரமாக வைத்துவிட்டு எழுத்தருக்குப் போன் செய்தார்.

“நாளைக்கு உங்க ஆபீஸ்ல ஒரு நாள் உட்கார்ந்து பாக்கலாமாம்மா?”

“தாராளமா வாங்க மேடம். ஆனா வெளியாளு உள்ள உட்காரணும்னா விண்ணப்பம் கொடுத்து, அனுமதி வாங்கி...”

“வேண்டாம், விடுங்க,” என்றார்.

மறுநாள் காலை, மூன்றாம் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றார்.