கணவாய் அதிகமாக வெந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்கப் போனேன். நிரோஜா சட்டையோடு டப்பாவையும் நீட்டினாள்.

"நேத்து செஞ்ச பாஸ்தா அக்கா. சூடாக்கிச் சாப்பிடுங்க. கணவாய் மட்டும் ரப்பர் மாதிரி இருக்கும், கோவிச்சுக்காதீங்க."

அவள் வீடு மாத்தளையிலிருந்து பல்லேபொல போகிற பக்கம், மேட்டை ஒட்டிய ஒரு குறுகலான ஒழுங்கையில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு வெகுதூரம். இறாலும் மட்டியும் கணவாயும் போட்ட பாஸ்தாவை இங்கே யார் கேட்டது என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். அவள் சொல்லி முடிக்கும்வரை சட்டை என் மடியிலேயே கிடந்தது.

எழுத உட்கார்ந்தபோது முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

மண் சரிந்த அன்று காலை, மழை இன்னும்… (பத்திரிகைகள் எழுதித் தீர்த்த வரி.)

நன்றி என்பது மனித மனத்தின்… (எனக்கே கொட்டாவி வந்தது.)

சாலிஹ் நானா மீன் விற்கிறவர்.

கடைசி வரி நிற்கட்டும்.

2

சாலிஹ் நானா மீன் விற்கிறவர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள். திருகோணமலையிலிருந்து வரும் லொறியில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார். மண் சரிந்த அன்று, அந்தப் பெருமழையிலும் வந்தார். மழை விடட்டும் என்று மீன் காத்திருக்குமா?

நிரோஜாவின் புருஷன் கஜேந்திரன் வீட்டுக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட மழைத்தண்ணீர்க் கானை வெட்டிவிடப் போயிருந்தான். நிரோஜா மீன் வாங்கச் சட்டியோடு வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் பின்பக்க மேடு இறங்கியது. லொறியில் கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கான் இல்லை, மதில் இல்லை, கஜேந்திரன் இல்லை.

நிரோஜா வீறிட்டுக் கத்தினாள்…

(இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது அவள் மறித்தாள். "கத்தல அக்கா. வாயத் தொறந்தேன், சத்தமே வரல. கத்தினது சாலிஹ் நானாதான்." அடித்துவிட்டேன். ஆனால் அந்தப் பொய்யான வரியும் இங்கே கிடக்கட்டும். நான் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.)

சாலிஹ் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். மீன் எல்லாம் தண்ணீரோடு ஒழுங்கையில் போனது. முதலில் கையால் தோண்டினார். பிறகு மண்வெட்டி கிடைத்தது. கஜேந்திரனின் கை தெரிந்தது, அப்புறம் முகம். கால் முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

பக்கத்து வீட்டுச் சுவரும் விழுந்திருந்தது. அங்கே தனியாக இருந்தவர் சிவலிங்கம். ஆட்கள் சேர்ந்து அந்தப் பக்கம் போனபோது அவர் இறந்திருந்தார். கண்டியில் வேலை செய்யும் அவர் மகள் டிலானி பாதை திறந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். நித்திரையிலேயே போயிருப்பார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று எல்லோரும் அவளுக்குச் சொன்னார்கள். நிரோஜாவும் சொன்னாள்.

3

அதற்குப் பிறகு சாலிஹ் ஒழுங்கைக்குள் வருவதில்லை. சந்தியில் நின்று ஹோர்ன் அடிப்பார். பெண்கள் இறங்கிப் போய் வாங்கினார்கள்.

நிரோஜா நன்றி சொல்லப் போனாள். ஒரு தரம் பழம் கொண்டுபோனாள். பெருநாளைக்கு உடுக்கச் சாரம் வாங்கிக்கொண்டு போனாள். அவர் எதையும் தொடவில்லை.

"அல்லாஹ் காப்பாத்தினான் தங்கச்சி. நான் என்னத்த செஞ்ச?"

சொல்லும்போதே வண்டியை உதைத்துவிடுவார். கஜேந்திரன் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த மனிதரின் ஞாபகம் வரும். கொடுக்க ஒன்று இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. கோயிலில் அம்மனுக்கு வைத்த நேர்த்தியைக்கூடச் செய்து முடித்துவிட்டாள். இது மட்டும் முடியாமல் நின்றது.

ஒருநாள் சந்தியில், எல்லோருக்கும் முன்னால் கேட்டேவிட்டாள். "நானா, உங்களுக்கு என்னதான் புடிக்கும்? அதயாவது சொல்லுங்க."

பெண்கள் சிரித்தார்கள். தப்பிக்க ஏதோ சொல்ல வேண்டுமே என்று அவரும் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நாலந்தா பக்கம் ஒரு ஹோட்டலுக்கு இறால், கணவாய், மட்டி எல்லாம் நான்தான் குடுக்கிற. வெள்ளக்காரங்களுக்குப் பாஸ்தா ஆக்குறாங்களாம். பின்கதவால வாசம் மட்டும் வருது. அது என்ன ருசின்டு ஒரு நாளக்கிப் பாக்கணும்."

அவர் அதைப் பகிடியாகச் சொன்னார். அவள் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை காலை அவரிடமே எல்லாம் வாங்கினாள். "யாரும் விருந்தாளியா?" என்று கேட்டார். "ஆமா நானா. நீங்கதான். பகலைக்கு வாங்க." அவர் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டே "பாப்பம்" என்றார்.

சட்டி புதிது. பழைய சட்டிகளில் என்னென்ன வெந்திருக்கும் என்று அவர் மனம் யோசிக்கக் கூடாது என்று முதல் நாளே வாங்கி வைத்திருந்தாள். போனில் ஒரு பெண் சமைத்துக் காட்டினாள். தண்ணீர் கடல் மாதிரி உப்பாக இருக்க வேண்டும் என்றாள் அவள். நிரோஜா கடல் தண்ணீரை நாக்கில் வைத்தது கோணேசர் கோயிலுக்குப் போனபோது ஒரே ஒரு தடவை. அந்த ஞாபகத்தில் உப்பை அள்ளிப் போட்டாள். அந்தப் பெண் வைன் ஊற்றிய இடத்தில் இவள் தேசிக்காய் பிழிந்தாள். ஒலிவ் எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய். பூண்டு, தக்காளி, தோட்டத்து மிளகைப் பச்சையாகவே தட்டி. பேர் தெரியாத அந்த இலைக்குப் பதில் கறிவேப்பிலை. இறால் சிவந்து சுருண்டது. மட்டிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

"தெறக்காம மூடியே கெடக்கிறத எறிஞ்சிரணும்" என்றாள் போன் பெண்.

(இங்கே ஓர் உவமை வந்து வாசலில் நிற்கிறது. உங்களுக்கும் தெரிகிறதுதானே? உள்ளே விடப்போவதில்லை. ஒரு மனிதர் சுவருக்கு அடியில் செத்திருக்கிறார்.)

பகல் கழிந்தது. அவர் வரவில்லை. அவள் பாஸ்தாவை இறக்கினாள், திரும்ப ஏற்றினாள், தண்ணீர் தெளித்தாள், மூடினாள். கணவாய் கெட்டியானது அப்போதுதான்.

"வரமாட்டாரு நிரோ. நாம சாப்பிடுவோம்" என்றான் கஜேந்திரன்.

அவள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். ஒழுங்கைக்குள்ளே, சிவலிங்கத்தின் இடிந்த வீட்டுக்கு முன்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி சாலிஹ் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தெரியாது.

5

மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பாஸ்தா ஒரே கட்டியாகச் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது. சாலிஹ் முள்கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை ஒதுக்கி வைத்துக் கையால் எடுத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"தங்கச்சி, என்ட கணவாய்தானா இது? செருப்புக் கடையில எடுத்தீங்களா?"

நிரோஜா சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு நடுவில் எங்கோ அறுந்தது. கோப்பையைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கு நன்றி சொல்லாதீங்க தங்கச்சி. அன்டைக்கு ரெண்டு சத்தம் கேட்டிச்சி. இவர்ட சத்தம் கிட்ட. அவர்ட சத்தம் அந்தப் பக்கம், சுவருக்குள்ள. நான் கிட்டத்துக்கு ஓடின. இவர எடுத்து முடிய அங்க சத்தம் இல்ல."

நிரோஜா கரண்டியைக் கீழே வைத்தாள்.

இங்கே நான் ஒரு முடிவை எழுதி வைத்திருந்தேன். அதில் நிரோஜா சொல்கிறாள்: "இல்ல நானா, டாக்டர் சொன்னாரு, செவுரு விழுந்த உடனே உயிர் போயிருச்சாம். நீங்க கேட்டது வேற சத்தம்." சாலிஹ் கண்ணைத் துடைக்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. வாசிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். கஜேந்திரன் பேசினான்.

"எனக்கும் கேட்டுச்சு நானா."

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"மண்ணுக்குள்ள இருந்து கேட்டேன். சிவலிங்கம் அண்ணன் கூப்புட்டாரு. நீங்க என்னையத் தோண்டிக்கிட்டு இருக்கீங்க. மூஞ்சி வெளிய வந்ததும் அங்க போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. என்னை விட்டுறாதீங்கன்னுதான் உங்க கையப் புடிச்சேன்."

இத்தனை மாதமும் பக்கத்தில் படுத்திருந்தவன் இதை அவளிடம் சொன்னதே இல்லை. ("அப்ப கோவம் வரலியா நிரோஜா?" என்று கேட்டேன். "வரல அக்கா. ராத்திரியில ஏன் எந்திரிச்சு உக்காந்திருக்காருன்னு அன்னைக்குத்தான் வெளங்குச்சு.")

சாலிஹ் மேசைக்கு மேலால் கையை நீட்டினார். சோஸ் ஒட்டிய கை. கஜேந்திரன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"புடிச்சீங்க. எனக்கு ஞாபகமிரிக்கி. நல்லா இறுக்கிப் புடிச்சீங்க" என்றார் சாலிஹ்.

நிரோஜா எழுந்து இருவர் கோப்பையிலும் இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவர்கள் சாப்பிட்டார்கள். போகும்போது சாலிஹ், "பொண்டாட்டிக்கும் கொஞ்சம் கட்டித் தாங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் அவளிடமிருந்து வாங்கிய முதல் பொருள் அதுதான். அந்தக் கிழமையிலிருந்து ஹோர்ன் சத்தம் வாசலில் கேட்கிறது.

6

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது. வேறென்ன வேண்டும்?

நிரோஜா விடவில்லை. "ஆண்டுத் திவசத்துக்கு டிலானி வருவா. நித்திரையிலயே போயிட்டாருன்னு நம்பிக்கிட்டு இருக்கா. நாங்க மூணு பேரும் சொல்லணுமா, சும்மா இருக்கணுமா? நீங்க எழுதுறவங்கதானே, சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று யார் இவளுக்குச் சொன்னது? சொன்னால் டிலானியின் ஒரே ஆறுதல் போகும். சொல்லாவிட்டால், தகப்பன் கடைசியாகக் கூப்பிட்டதை ஊரில் மூன்று பேர் தெரிந்து வைத்திருக்க, மகளுக்கு மட்டும் தெரியாது.

ஒன்றே ஒன்றைச் செய்தேன். டிலானி தானே சரி என்று சொல்லாமல் இந்தக் கதையை யாருக்கும் கொடுப்பதில்லை என்று நிரோஜாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஆகவே நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மேசையில் அவளும் உட்கார்ந்திருக்கிறாள். மூவரும் மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டு முடித்துவிட்டு அவள் தலை நிமிர்ந்து, முதலில் சாலிஹைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

அந்த வார்த்தையை நீங்கள் எழுதுங்கள். பதிப்புக்குச் சரி என்று சொன்னவள் அவள்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.